டீசல் இல்லாத டீசல் ரயில்

ஒரு பொருளின் மாதிரி என்பது அப்பொருளைப் பற்றிய ஒரு கூற்று. பூகோளப் பந்து ‘பூமி உருண்டை’ என்கிறது. மூலக்கூறு மாதிரி ‘கார்பன் அணுவுக்கு நான்கு இணைதிறன்’ என்கிறது. வாயால் சொல்வதை மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் சொல்கிறது, அவ்வளவே வேறுபாடு. கூற்று என்றால் அது மெய்யா, எவ்வளவு தூரம் மெய் என்று கேட்கலாம் அல்லவா? கவிதைக்கும் நாடகத்துக்கும் திறனாய்வு இருப்பதுபோல அறிவியல் மாதிரிகளுக்கும் திறனாய்வு வேண்டும் என்பது என் கருத்து. பள்ளிக் கண்காட்சிகளில் எத்தனையோ மாதிரிகளைப் பார்க்கிறோம். ‘அடடா, அச்சு அசலாக இருக்கிறதே!’ என்று பாராட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுகிறோம். எது அசல், எது அசல் இல்லை என்று யாரும் நின்று கேட்பதில்லை.

இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு ரயில் மாதிரி. டெமு என்று நாம் அழைக்கும் டீசல் மின் தொடர்வண்டியை, நான்கு பெட்டிகளுடன், 87இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தது. ரயில் ஆர்வலர் ஒருவர் பல மாதங்கள் உழைத்து உருவாக்கியது. விருதுநகர்ப் பக்கத்துப் பள்ளி மாணவர்கள் பார்ப்பதற்காக மேசைமேல் வைக்கப்பட்டபோது, அளவுகோல், தராசு, நிறுத்து கடிகாரம் மூன்றையும் கொண்டுபோய் அதை அளந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. செய்தவரின் கைத்திறனில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்த மாதிரி மாணவனுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறது என்பதே இங்கு நம் கேள்வி.

அசல் வண்டி

மாதிரியை எடைபோடுமுன் அசலை அறிந்துகொள்வோம். சாதாரணப் பயணிகள் வண்டியில் எஞ்சின் தனி, பெட்டிகள் தனி. கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி, மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்டவேண்டும். குறுகிய தூரம் போய்த் திரும்பும் வண்டிகளுக்கு இது வீண் வேலை. ஆகவே எஞ்சினைப் பெட்டிக்குள்ளேயே வைத்து, இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை அமைத்து உருவாக்கப்பட்டதே டெமு. சென்னை பெரம்பூரில் 1955இல் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். தொழிற்சாலை இத்தகைய வண்டிகளைக் கட்டியது. இந்தியாவில் முதல் டெமு 1994இல் பஞ்சாபில் ஜலந்தர் – ஹோஷியார்பூர் பாதையில் ஓடியது. முதலில் 700 குதிரைத்திறன் கொண்டவை வந்தன. பிறகு 1400 குதிரைத்திறன் வண்டிகள் வந்தன.

நம் பக்கத்தில் நெடுங்காலம் மீட்டர் பாதைகளே இருந்தன. விருதுநகரிலிருந்து திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசி செல்லும் பாதை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகலப்பாதையாயிற்று. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரை செல்லும் பாதை 2013இல் மாறியது. அதன்பின் அந்தப் பாதையில் டெமு வண்டிகள் ஓடின. சந்தைக்குப் போகிறவர், கல்லூரிக்குப் போகிறவர், அச்சகத்தில் வேலை செய்கிறவர் எல்லோரும் ஏறி இறங்கிய வண்டி அது. இப்போது இப்பக்கத்துப் பாதைகளுக்கும் மின்கம்பிகள் வந்துவிட்டன. டீசல் வண்டிகளின் காலம் நாடெங்கும் மெல்லக் குறைந்துவருகிறது. இன்னும் சில ஆண்டுகள் கழித்துப் பிறக்கும் குழந்தைக்கு டெமு எப்படி இருந்தது என்று சொல்ல, படங்களும் இத்தகைய மாதிரிகளுமே மிஞ்சக்கூடும். மாதிரி சரியாக இருக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம்.

பாராட்டப்பட வேண்டியவை

நிறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சுமார் 21.3 மீட்டர் நீளமுள்ள பெட்டி 87இல் ஒரு பங்கில் 24.5 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர்கூட வேறுபாடு இல்லை. சன்னல் கம்பிகள், படிக்கட்டு, கூரையில் எஞ்சினுக்குக் காற்றுப் போகும் திறப்புகள் எல்லாம் இருந்தன. ஓட்டுநர் பெட்டியின் முன்பகுதியில் பயணிகள் இருக்கை இல்லாமல், எஞ்சின் அறைக்கு இடம் விட்டிருந்தார். கடையில் விற்கும் பொம்மை ரயில்களில் இத்தகைய நுணுக்கத்தை எதிர்பார்க்க முடியாது. புனே நகரில் பி. எஸ். ஜோஷி என்பவரின் முயற்சியால் 1998இல் திறக்கப்பட்ட சிற்றுரு ரயில் காட்சிச்சாலையைப் பார்த்தவர்களுக்கு இக்கலையின் அருமை தெரியும். நம் ஊர்ப் பக்கத்தில் ஒருவர் தனியாக உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார் என்பது மகிழ்ச்சிக்குரியது.

எடையைப் பற்றியும் சொல்லவேண்டும். நீளம் 87இல் ஒன்றானால் பரப்பு 87 × 87இல் ஒன்றாகும். பருமனோ 87 × 87 × 87இல், அதாவது 6,58,503இல் ஒன்றாகும். ஆட்கள் ஏறிய நான்கு பெட்டி வண்டி 200 டன் என்று வைத்துக்கொள்வோம். மாதிரியின் எடை 304 கிராம்தான் இருக்கவேண்டும். ஒரு பெட்டிக்கு 76 கிராம். தராசில் வைத்தபோது நான்கு பெட்டிகளும் சேர்ந்து 620 கிராம் இருந்தன. ஏறக்குறைய இரு மடங்கு! இது குறையா? இல்லை என்பேன். அவ்வளவு இலேசான பெட்டி தண்டவாள இணைப்புகளில் துள்ளிக் கீழே விழுந்துவிடும். சக்கரம் தண்டவாளத்தை அழுத்தித் தொட்டால்தான் மின்சாரமும் தடையின்றி ஏறும். அமெரிக்க மாதிரி ரயில் ஆர்வலர் சங்கம் இதற்கென்றே ஒரு விதி வகுத்திருக்கிறது: இந்த அளவு மாதிரிப் பெட்டிக்கு 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். அதன்படி நம் பெட்டி ஒன்று 165 கிராம் இருக்கலாம். செய்தவர் அந்த வரம்புக்குள் நின்றிருக்கிறார். காரணம் தெரிந்து செய்யும் விட்டுக்கொடுத்தல் வேறு, காரணம் தெரியாமல் நேரும் பிழை வேறு. இனி வருபவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இருபத்துநான்கு சென்டிமீட்டர் எங்கே?

மாதிரி ஓடிய தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அதை 87ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1,435 மில்லிமீட்டர் வருகிறது. நம் அகலப்பாதையின் அகலமோ 1,676 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அடி. 24 சென்டிமீட்டர் காணாமற்போய்விட்டது. நூற்றுக்குப் பதினான்கு பங்கு! பெட்டி நம் ஊர்ப் பெட்டி. ஓடுகிற பாதையோ ஐரோப்பியப் பாதை. முன்னாலிருந்து பார்த்தால் பருத்த உடம்புள்ளவர் ஒடுங்கிய கால்களில் நிற்பதுபோலத் தோன்றுகிறது.

இப்பிழை எங்கிருந்து வந்தது? மேலை நாடுகளில் ‘ஓ’ என்னும் மாதிரி அளவு முதலில் பரவியது. அதில் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர். அதில் பாதியாக ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்று வைத்தது ‘எச்.ஓ.’ எனப்பட்டது, ‘பாதி ஓ’ என்று பொருள். அந்நாடுகளின் பாதை 4 அடி எட்டரை அங்குலம். அதை 3.5ஆல் பெருக்கினால் 16.5 மில்லிமீட்டர் வரும். அவர்களுக்கு அது மிகச் சரி. அந்தத் தண்டவாளமே உலகெங்கும் விற்பனைக்கு வந்தது. நாம் தண்டவாளத்தையும் வாங்கினோம், அதனுடன் 87 என்ற எண்ணையும் யோசிக்காமல் வாங்கிக்கொண்டோம்.

பிரிட்டனில் இதே சிக்கல் வேறு விதமாக நேர்ந்தது. அங்கு எஞ்சின்கள் உருவில் சிறியவை, 3.5 மில்லிமீட்டர் அளவில் செய்தால் அக்காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. ஆகவே வண்டியை மட்டும் அடிக்கு 4 மில்லிமீட்டராகப் பெரிதாக்கிவிட்டு, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த முரண்பாடு இன்றுவரை தொடர்கிறது. அயர்லாந்தின் பாதை 5 அடி 3 அங்குலம். அங்கே அக்கறையுள்ள ஆர்வலர்கள் 21 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தண்டவாளத்தைக் கையாலேயே அமைத்துக்கொள்கிறார்கள்.

நமக்கு அந்தச் சிரமம்கூட இல்லை என்பதே வேடிக்கை. ஓர் அடிக்கு 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நம் ஐந்தரை அடிப் பாதை எவ்வளவு வரும்? 5.5 × 3 = 16.5 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் அதே தண்டவாளம்! ஓர் இழைகூடக் கூடவில்லை, குறையவில்லை. வண்டியை 87இல் ஒன்றாகச் செய்வதற்குப் பதில் 101.6இல் ஒன்றாகச் செய்யவேண்டும், அவ்வளவுதான். பெட்டியின் நீளம் 24.5 சென்டிமீட்டரிலிருந்து 21 சென்டிமீட்டராகக் குறையும். அட்டையும் மிச்சம், இடமும் மிச்சம். மூன்று மில்லிமீட்டர் அளவு நான் கண்டுபிடித்ததும் அன்று. 1957இலேயே பிரிட்டனில் ட்ரையாங் நிறுவனம் அந்த அளவில் ரயில்களை விற்றது. ஆனால் அதன் தண்டவாளம் 12 மில்லிமீட்டர். அது அவர்கள் பாதைக்கே குறுகியது. அந்த அளவு நம் பாதைக்குத்தான் பொருந்துகிறது.

1856இல் ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுக்கு தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டபோதே நம் பாதை ஐந்தரை அடிதான். இலங்கையிலும் பாகிஸ்தானிலும் அகலப்பாதை அதே அளவுதான். இத்தனை கோடி மக்கள் பயணம் செய்யும் பாதையின் அகலத்தை மாதிரியில் மட்டும் மறைப்பானேன்?

வளைவில் தெரியும் உண்மை

மேசையின் மூலையில் தண்டவாளம் சட்டென வளைந்தது. வளைவின் ஆரம் 43.8 சென்டிமீட்டர். மாதிரி ரயில் கடைகளில் இது வழக்கமான அளவு. 87ஆல் பெருக்கினால் 38 மீட்டர். ஒரு பேருந்தைத் திருப்புவதற்கே நிதானம் வேண்டிய வளைவு. நம் அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கடுமையான வளைவு 10 பாகை. அதன் ஆரம் 175 மீட்டர். அதைச் சுருக்கினால் 2 மீட்டர். முழு வட்டம் போட நான்கு மீட்டர் அகலமுள்ள மேசை வேண்டும்.

வீட்டில் நான்கு மீட்டர் மேசைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமே. ஆனால் இந்தச் சுருக்கம் என்ன செய்கிறது என்பதையாவது மாணவனுக்குச் சொல்லவேண்டும். பெட்டியின் இரு போகிகளுக்கிடையே தூரம் ஏறத்தாழ 14.7 மீட்டர், மாதிரியில் 16.9 சென்டிமீட்டர். வளைவில் போகிகள் தண்டவாளத்தின்மேல் இருக்க, பெட்டியின் நடுப்பகுதி உட்பக்கமாக விலகும். விலகல் எவ்வளவு என்பதற்கு எளிய வாய்பாடு உண்டு: போகித் தூரத்தின் இருமடியை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்கவேண்டும். மாதிரியில் அது 8 மில்லிமீட்டர் வருகிறது. அசல் அளவில் 70 சென்டிமீட்டர்! உண்மையான 175 மீட்டர் வளைவிலோ 15 சென்டிமீட்டர்தான். அந்த மேசை வளைவில் நடைமேடை ஒன்று இருந்தால், விளிம்பில் நிற்பவர்களைப் பெட்டியே தள்ளிக்கொண்டு போகும். வளைவுகளில் நடைமேடை ஏன் தள்ளிக் கட்டப்படுகிறது, பாதையோரக் கம்பங்கள் ஏன் விலகி நிற்கின்றன என்று விளக்க இதைவிட நல்ல வாய்ப்பு உண்டா? மாதிரியின் குறையையே பாடமாக்கியிருக்கலாம். மேசையில் அதைப் பற்றி ஒரு சிறு சீட்டுக்கூட இல்லை.

நிற்காத வண்டியும் நிற்கும் வண்டியும்

இனி நான் சொல்லப்போவது எல்லாவற்றையும்விட முக்கியமானது.

மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 27.8 மீட்டர். 87ஆல் வகுத்தால் வினாடிக்கு 32 சென்டிமீட்டர். மாதிரியை அந்த வேகத்தில் ஓடவிட்டு, மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஐந்து சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டது. குழந்தைகள் கைதட்டினார்கள்.

ஐந்து சென்டிமீட்டர் என்பது அசலில் நாலேகால் மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் நாலேகால் மீட்டரில் நிற்கவேண்டுமானால் அதன் எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஒன்பது மடங்கு இருக்கவேண்டும். உள்ளே இருப்பவர்கள் தூக்கி வீசப்படுவார்கள். உண்மையில் தடை போட்டால் வேகம் வினாடிக்கு வினாடி 0.7 மீட்டர் அளவில் குறைவதாகக் கொள்வோம். 27.8இன் இருமடி 773, அதை 1.4ஆல் வகுத்தால் 552 மீட்டர். அரைக் கிலோமீட்டருக்கு மேல்! அசலுக்குப் பொருந்தும்படி நின்றிருந்தால் மாதிரி 6.3 மீட்டர் ஓடியிருக்கவேண்டும். மேசையைத் தாண்டி, அறையைத் தாண்டி, வராந்தாவுக்கே போயிருக்கும்.

மாதிரி ஏன் சட்டென நிற்கிறது? மோட்டாரின் அச்சிலுள்ள ‘வார்ம் கியர்’ என்னும் திருகுப் பல்லிணையே காரணம். திருகு சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் திருகைச் சுழற்றுவது கடினம். ஆகவே மோட்டார் நின்றதும் சக்கரங்கள் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிடுகின்றன. உருண்டு போகும் வழக்கமே இல்லை. தேர்ந்த மாதிரிகளில் மோட்டாரின் அச்சில் ‘ஃப்ளைவீல்’ என்னும் கனத்த சக்கரம் ஒன்றைப் பொருத்தி இதை ஓரளவு சரிசெய்வார்கள். இந்த மாதிரியில் எஞ்சின் அறையில் இடம் இருந்தும் அது வைக்கப்படவில்லை. சன்னல் கம்பிகளுக்குச் செலவிட்ட உழைப்பில் பத்தில் ஒரு பங்கு போதும்.

புறப்படும்போதும் இதே கதைதான். அரை வினாடியில் முழு வேகம் பிடித்தது. அசல் வண்டி அரை வினாடியில் 100 கிலோமீட்டர் வேகம் பிடித்தால் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஐந்தரை மடங்கு ஆகும். ராக்கெட்டில் போகிறவர்களே அதற்குப் பயிற்சி எடுக்கவேண்டும்.

இதை நான் ஏன் பெரிதுபடுத்துகிறேன்? நிலைமம் என்ற சொல்லை நம் மாணவர்கள் பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். தேர்வில் நியூட்டனின் முதல் விதியைப் பிழையின்றி எழுதுகிறார்கள். அதே மாணவர்கள் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும்போது, தூரத்தில் தெரியும் வண்டியைப் பார்த்து ‘ஓட்டுநர் நம்மைப் பார்த்து நிறுத்திவிடுவார்’ என்று நினைக்கிறார்கள். ஓட்டுநர் பார்த்தாலும், தடை போட்டாலும், வண்டி நிற்பதற்கு அரைக் கிலோமீட்டர் வேண்டும் என்பது அவர்கள் மனத்தில் பதியவில்லை. சிறுவயதிலிருந்து கையில் பிடித்து விளையாடிய ரயில்கள் எல்லாம் விரலசைவில் நின்றவையே. விளையாட்டுப் பொருள் கற்பித்த பாடம் புத்தகப் பாடத்தைவிட ஆழமாகப் பதிந்துவிடுகிறது. பொம்மைக்கு இதை மன்னிக்கலாம். அறிவியல் மாதிரி என்று பெயர் வைத்து மாணவர் முன் வைக்கும்போது மன்னிக்க முடியாது.

டீசல் எங்கே?

அடுத்து, பெயருக்கே உரிய கேள்வி. இந்த டீசல் ரயிலில் டீசல் எங்கே?

டெமு வண்டியில் டீசல் எஞ்சின் சக்கரங்களை நேரடியாகச் சுழற்றுவதில்லை. எஞ்சின் ஒரு மின்னாக்கியைச் சுழற்றுகிறது. அதிலிருந்து வரும் மாறுதிசை மின்னோட்டத்தை மின்திருத்தி ஒருதிசை மின்னோட்டமாக்குகிறது. அந்த மின்னோட்டம் போகிகளிலுள்ள மோட்டார்களுக்குப் போகிறது. மோட்டார்களே சக்கரங்களைச் சுழற்றுகின்றன. இவ்வகை வண்டிகள் பலவற்றில் ஏற்பாடு இதுதான். அதாவது டெமு என்பது தன் மின்நிலையத்தைத் தானே சுமந்து செல்லும் மின்சார ரயில்.

மாதிரியில் தண்டவாளமே மின்கம்பி. அதிலிருந்து 12 வோல்ட் வரை மின்சாரம் சக்கரம் வழியாக மோட்டாருக்கு ஏறுகிறது. எஞ்சின் இல்லை, மின்னாக்கி இல்லை, திருத்தி இல்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டும் இருக்கிறது. ‘டீசலில் எப்படி ஓடுகிறது?’ என்று ஒரு மாணவி கேட்டதற்கு, ‘உள்ளே எஞ்சின் இருக்கிறது, அது சக்கரத்தைச் சுற்றுகிறது’ என்று மேசையருகில் நின்ற மாணவன் விடை சொன்னான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. மாதிரி அவனுக்கு வேறெதையும் சொல்லவில்லையே!

ஏன் இத்தனை சுற்றுவழி என்பதே இயற்பியலின் சுவையான பகுதி. 1400 குதிரைத்திறன் என்பது சுமார் 1,040 கிலோவாட். இழப்புகள் போக 800 கிலோவாட் சக்கரத்துக்கு வந்துசேர்வதாகக் கொள்வோம். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கிய தொகை. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் இழுவிசை 80 கிலோ நியூட்டன். 20 மீட்டர் வேகத்தில் 40 கிலோ நியூட்டன். வேகம் இரட்டித்தால் விசை பாதியாகும். புறப்படும்போது விசை மிகுதியாகவும், ஓட ஓடக் குறைவாகவும் வேண்டும். டீசல் எஞ்சின் இயற்கையாக அப்படி நடப்பதில்லை. அது நின்ற நிலையிலிருந்து சுமையோடு புறப்படவே முடியாது. மின்னாக்கியும் மோட்டாரும் இடையில் நின்று கியர்ப்பெட்டியின் வேலையைச் செய்கின்றன. லாரி ஓட்டுநர் முதல் கியர், இரண்டாம் கியர் என்று மாற்றுவதை இங்கு மின்சாரம் ஓசையின்றிச் செய்துவிடுகிறது.

இதை மாதிரியில் காட்ட முடியாதா? முடியும், பெரும் செலவும் இல்லை. பழைய சைக்கிள் டைனமோ ஒன்று போதும். அது 6 வோல்ட், 3 வாட் தரும் மாறுதிசை மின்னாக்கிதான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சக்கரத்தோடு பொருத்தி, மிதியைக் கையால் சுற்றுங்கள். வரும் மின்சாரத்தை நான்கு டயோடுகள் கொண்ட பாலச் சுற்றின் வழியே செலுத்தித் தண்டவாளத்துக்குக் கொடுங்கள். சிறிய 6 வோல்ட் மோட்டார் பொருத்திய வண்டி ஓடும். எஞ்சின் உங்கள் கை, மின்னாக்கி டைனமோ, மின்திருத்தி டயோடுகள். அசல் வண்டியின் வரிசை ஒன்றுவிடாமல் கண்முன் இருக்கும். வண்டியின் பின்னால் இன்னும் இரண்டு பெட்டிகளை மாட்டிப் பாருங்கள். மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். மிதி கையில் கனக்கும். டீசல் எஞ்சின் ஏற்றத்தில் ஏன் உறுமுகிறது என்பது அந்த மாணவனின் தோளுக்குத் தெரிந்துவிடும். எந்த மாதிரிக் கடையிலும் கிடைக்காத பாடம் அது.

புகையும் பொறியும்

பட்டாசு ஊர்ப் பக்கத்துக்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. டீசல் வண்டி என்பதைக் காட்ட மாதிரியில் புகை வரவேண்டும் என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். வெளிநாட்டு மாதிரிகளில் எண்ணெயைச் சூடாக்கிப் புகை எழுப்பும் சிறு கருவி உண்டு. அது இல்லாத இடத்தில் மாணவர்கள் மருந்துத் தூளையோ தீக்குச்சி மருந்தையோ வைத்துப் பார்க்கும் எண்ணத்தையே விட்டுவிடவேண்டும். மேலும், தூரிகை வைத்த சிறு மோட்டாரிலும், சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடத்திலும் சிறு மின்பொறிகள் எழுகின்றன. அறையை இருட்டாக்கினால் நீலமாகத் தெரியும். வெடிமருந்தோடு புழங்குகிறவர்களுக்கு ஒரு பொறியின் விலை என்ன என்று நான் சொல்லவேண்டியதில்லை. எரிபொருள், மருந்து, காகிதக் குப்பை எதுவும் இல்லாத இடத்தில்தான் இத்தகைய மாதிரியை ஓட்டவேண்டும்.

அசல் பெட்டிகளில் பட்டாசு கொண்டுசெல்லாதீர் என்ற எச்சரிக்கையை நாம் பார்த்திருக்கிறோம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 67, 164ஆம் பிரிவுகள் அதைத் தடுக்கின்றன. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. சிவகாசி வழியே போகும் வண்டியின் மாதிரியில் அந்த ஒரு வரி எழுதப்பட்டிருந்தால், அது சன்னல் கம்பிகளைவிட ஊர்மணம் தந்திருக்கும்.

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுவது திறனாய்வாகாது. சிவகாசி நாட்டுக்கே நாட்காட்டி அச்சிடும் ஊர். நல்ல அட்டையும், பல வண்ண அச்சும், அட்டையை வடிவமாக வெட்டும் எந்திரமும் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. டெமு பெட்டி ஒன்றை, அடிக்கு 3 மில்லிமீட்டர் அளவில், ஒரே அட்டையில் அச்சிட்டு, வெட்டி மடித்து ஒட்டும்படி வெளியிட்டால் என்ன? பின்பக்கத்தில் தமிழில் விளக்கம்: இது மின்னாக்கி இருக்கும் இடம், இது மோட்டார் இருக்கும் போகி, இந்த வண்டி 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க ஐந்தரை மீட்டர் நீளமுள்ள தரை வேண்டும், சாக்கட்டியால் கோடு போட்டுப் பார்! விலை உயர்ந்த இறக்குமதி மாதிரியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும் மாணவன், இதைத் தன் கையால் செய்வான். பெரம்பூரில் 2002இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகம் போன்ற இடங்களிலும் இத்தகைய அட்டைகள் கிடைக்கச் செய்யலாம்.

நான் பார்த்த மாதிரிக்கு மதிப்பெண் போடச் சொன்னால், தோற்றத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறும் இயக்கத்துக்கு நூற்றுக்கு முப்பதும் போடுவேன். செய்தவரிடம் இதை நேரிலும் சொன்னேன். தண்டவாளத்தை மாற்றவேண்டாம், அடுத்த வண்டியை 3 மில்லிமீட்டர் அளவில் செய்யுங்கள், உள்ளே கனத்த சக்கரம் ஒன்றைப் பொருத்துங்கள், மேசைக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிளை நிறுத்துங்கள் என்றேன். ஐந்தரை அடி உயரமுள்ள மனிதரைச் செய்யும்போது அவர் உயரமும் 16.5 மில்லிமீட்டரே வரும். தண்டவாளத்தின் அகலமும் அவரும் சமம். அளவு சரியா என்று பார்க்க அளவுகோல்கூட வேண்டாம், நடைமேடையில் நிற்கும் அந்த ஆளே போதும்.